நூல் வளைந்த காலை

அக்கா,

ஸ்கேன் மெசினில் தாடையை வைக்கும் சின்னப் பள்ளத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, "வெச்சுக்கோங்க ஆன்ட்டி" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். விழுப்புரத்துக் கண் ஆஸ்பத்திரியில், விளக்கு அணைத்த அறையில், நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் நின்று, "நல்லா தொடச்சாளா, பாத்தியா? இதுக்கு முன்னாடி யார் யார் மோவாய் அதுல இருந்துச்சோ" என்று நீங்கள் முணுமுணுப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் படம் கலைந்துவிடும்.

"உள்ள பச்சையா ஒண்ணு தெரியுதா? அதையே பாருங்க. கண்ண சிமிட்டாதீங்க."

பார்த்தேன். சிவப்பாக ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கியது. முதல் தடவை இதே நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டவர் நீங்கள். "இது கண்ண சுட்டுடாதுன்னு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டீர்கள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

நீங்கள் யாரையும் எளிதில் நம்பியதில்லை. அது உங்கள் குணமா, வேலை கற்றுத் தந்த பழக்கமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். விழுப்புரத்தில் சர்வே ஆபீசில் நீங்கள் வரைவாளர், நான் தட்டச்சர். திண்டிவனத்தில் ஒரே ரயில் பெட்டியில் ஏறி விழுப்புரத்தில் ஒன்றாக இறங்குவோம். சர்வேயர்கள் அளந்து கொண்டுவரும் நிலங்களைப் படமாக வரைவது உங்கள் வேலை. சிரித்துக்கொண்டு ஆபீசுக்குள் வருகிற ஒவ்வொருவரும் பக்கத்து நிலத்தில் ஒரு துண்டைக் கிள்ளிக்கொள்ளத்தான் வருகிறார்கள் என்பது உங்கள் தீர்மானம். யாராவது மேசைமேல் பூந்திப் பொட்டலம் வைத்தால் அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். "கோடு நேரா இருக்குதுன்னு வாய் சொல்லும் ஸ்டெல்லா. ஸ்கேல் சொல்லுதான்னு பாக்கணும்" என்பீர்கள்.

உங்களைப் பற்றி எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. இப்போது சொல்வதில் தவறில்லை. செஞ்சிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த சமணக் குடும்பம் உங்களுடையது. கிளியனூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் என்னுடையது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள் நான்தான். மதியம் உங்கள் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு கரண்டி வைப்பீர்கள். என் டப்பாவிலிருந்து நீங்கள் எடுத்ததில்லை. "கறி பொழங்கற பாத்திரம், தப்பா எடுத்துக்காத" என்பீர்கள். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். கறிதான் காரணமா, இல்லை நான்தான் காரணமா என்ற கேள்வி எத்தனையோ மதியங்கள் சோற்றோடு சேர்ந்து உள்ளே போனது. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும் என்ற பயத்தில் கேட்கவே இல்லை.

இருவரும் ஓய்வு பெற்றோம். உங்கள் வீட்டுக்காரர் காலமானார். மகன் சாந்தகுமார் பெங்களூரில் வேலையோடு தங்கிவிட்டான். திண்டிவனத்து வீட்டில் நீங்கள் தனி. இரண்டு தெரு தள்ளி நான். அப்போதுதான் உங்கள் பக்கத்து வீட்டுக் குணசேகரன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு வீட்டுக்கும் நடுவில் புதுச் சுவர் எழுப்பினார்.

ஒரு நாள் காலை போன் அடித்தது. "ஸ்டெல்லா, ஜல்தி வா. போன்ல சொல்ல முடியாது."

வந்தேன். வாசலிலேயே நின்றிருந்தீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் கூட்டிப் போய், சுவரின் ஒரு முனையில் என்னை நிறுத்தினீர்கள்.

"இன்னா தெரியுது சொல்லு."

"சுவரு தெரியுதுக்கா."

"நடுவுல பாரு. நம்ம பக்கமா வயிறு தள்ளிக்கினு நிக்குது பாரு. மேஸ்திரிக்கு இன்னாத்தையோ குடுத்து நடுவுல ரெண்டு விரக்கடை உள்ள தள்ளிட்டான். நான் பாக்க மாட்டேன்னு நெனச்சுக்கினான்."

நான் குனிந்து பார்த்தேன். ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தேன். சுவர் நேராகத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன்.

"நீயும் அவன் பக்கமா?" என்றீர்கள். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

உள்ளே போய் நூல் உருண்டையை எடுத்து வந்தீர்கள். ஒரு முனையை என்னிடம் கொடுத்துச் சுவரின் இந்த ஓரத்தில் அழுத்திப் பிடிக்கச் சொன்னீர்கள். மறுமுனையை நீங்கள் அந்த ஓரத்துக்குக் கொண்டுபோய், விறைக்கும்வரை இழுத்துப் பிடித்தீர்கள். என் விரலில் நூல் அறுக்கிற மாதிரி இறங்கியது. குணசேகரன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நூலின்மேல் கண்ணை ஓட்டினீர்கள். உங்கள் முகம் மாறியது. இன்னும் கொஞ்சம் இழுத்தீர்கள். மறுபடி பார்த்தீர்கள். ஒரு கையால் இடது கண்ணை மூடினீர்கள். பிறகு அந்தக் கையை எடுத்து வலது கண்ணை மூடினீர்கள். மறுபடி இடது. நான் என்னவோ கேட்க வாயெடுத்தேன். "பேசாத" என்றீர்கள்.

ஆயுசு முழுக்க நேர்க்கோடு போட்டவர் நீங்கள். இழுத்துக் கட்டிய நூல் வளையாது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூலைக் கீழே விட்டுவிட்டு அங்கேயே துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தீர்கள்.

"நூல் வளையுது ஸ்டெல்லா" என்றீர்கள். "வலது கண்ணுல மட்டும்."

அதற்குப் பிறகும் உங்கள் சந்தேகம் போய்விடவில்லை. மேஸ்திரியை விட்டு டாக்டரிடம் போனது. முந்தின வருஷம் விழுப்புரத்தில்தான் அந்தக் கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள். அதைக் கோணலாக வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, சண்டை போடுவதற்கென்றே என்னை அழைத்துக்கொண்டு விழுப்புரத்துக்குக் கிளம்பினீர்கள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். முதலில் விழித்திரையைப் போட்டோ எடுத்தார்கள். பிறகு ஓசிடி என்று அவர்கள் சொல்கிற இந்த ஸ்கேன். டாக்டரம்மா இரண்டையும் கம்ப்யூட்டரில் காட்டினார். போட்டோவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதன்மேல் கிளை கிளையாக ரத்தக்குழாய்கள். ஸ்கேனில் கறுப்பு வெள்ளையாக அடுக்கடுக்கான கோடுகள், வெட்டிய மண்ணின் பக்கவாட்டைப் பார்ப்பது மாதிரி. உங்கள் வலது கண்ணின் படத்தில் அந்த அடுக்குகள் நடுவில் மேடு தட்டி நின்றன.

"விழித்திரைக்கு நடுவுல மேக்குலான்னு ஒரு சின்ன இடம்மா. படிக்கிறது, முகம் பாக்கிறது எல்லாம் அதாலதான். வயசானா சிலருக்கு அது பழுதாகும். உங்களுக்கு அதுக்கு அடியில வேண்டாத ரத்தக்குழாய் முளைச்சு நீர் கசியுது. அந்த நீர் மேல இருக்கிறத தூக்குது. அதனாலதான் கோடு வளையுது. இடது கண்ணுலயும் புள்ளிகள் இருக்கு, ஆனா நீர் இல்ல. வலது கண்ணுக்கு உடனே ஊசி ஆரம்பிச்சிடலாம்."

"எங்க ஊசி?"

"கண்ணுக்குள்ளதாம்மா. மரத்துப்போக மருந்து விட்டுட்டுத்தான் போடுவோம்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு டாக்டரைப் பார்த்து, "நீங்க லென்ஸ கோணலா வெச்சிட்டு, கண்ணே கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க" என்றீர்கள். லென்ஸ் சரியாக இருக்கிறது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். "இந்தப் படம் என் கண்ணுதான்னு நான் எப்பிடி நம்பறது? வர்றவங்களுக்கெல்லாம் இதையே காட்டுறீங்களோ என்னவோ."

டாக்டர் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டு, "இவளுக்கும் எடுங்க" என்றீர்கள். "இவ கண்ணுல ஒண்ணுமில்ல. இவளுக்கும் இதே மேடு வந்துச்சுன்னா உங்க மெசின் பொய்."

இப்படித்தான் அக்கா, மெசினைச் சோதிப்பதற்காக நான் முதன்முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் படம் வந்தது. மேடு இல்லை. நடுவில் குட்டை மாதிரி வழவழப்பான ஒரு பள்ளம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தீர்கள். அதற்குள் டாக்டர் என் படத்தில், பள்ளத்துக்கு அடியில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"உங்களுக்கும் சின்னச் சின்னதா புள்ளி ஆரம்பிச்சிருக்கும்மா. பயப்பட ஒண்ணுமில்ல, ஊசியெல்லாம் வேணாம். வருஷா வருஷம் வந்து படம் எடுத்துப் பாத்துக்குங்க."

எந்த இடம் என்று நான் திரையில் மறுபடி தேடிப் பார்த்தேன். உங்களுக்கோ அதுவே சாட்சியாகிவிட்டது. வெளியே வந்ததும் வராததுமாக, "பாத்தியா? ஒண்ணுமில்லாதவளுக்கே ஒண்ணு கண்டுபுடிச்சுட்டாங்க. உள்ள வந்தவங்கள சும்மா அனுப்ப மாட்டாங்க" என்றீர்கள். ஊசி போடாமல் திரும்பினோம்.

திரும்பப் பஸ் பிடித்தோம். விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டீர்கள்: "நீயும் சாந்தகுமாரும் பேசி வெச்சிக்கினீங்களா? கண்ணு போச்சுன்னு சொன்னா வீட்ட பூட்டிக்கினு பெங்களூரு வந்துடுவேன்னு?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஆமாங்க்கா, டாக்டரம்மாகூட எங்க கூட்டுதான். சுவரு கட்டின மேஸ்திரியும் எங்க ஆளுதான்" என்றேன். நீங்கள் பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டீர்கள்.

அடுத்து வந்த வாரங்களில் உங்களை நான் சந்தேகப்பட்டேன். மார்க்கெட்டில் எதிரே வந்தேன். என்னைத் தாண்டிப் போனீர்கள். வீட்டுக்கு வந்தால், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே, "அந்த மூலையில பல்லி ஓடுது பாரு" என்றீர்கள். மூலையில் ஓடுகிற பல்லி தெரிகிறது, எதிரே நிற்கிற நான் தெரியவில்லையா? பஸ்ஸில் பேசின பேச்சுக்காக என்னைத் தவிர்க்கிறீர்கள், அதற்குக் கண்ணைச் சாக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நடுப்பார்வை போனாலும் ஓரப்பார்வை இருக்கும், ஒரு கண்ணின் நெளிவு நல்ல கண் பார்ப்பதையும் கலக்கிவிடும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

பிறகு ஒரு விடியலில் நீங்களே என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். திறந்தேன். என் முகத்துக்கு நேராக நின்று இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தீர்கள்.

"உன் மூஞ்சி இருக்கிற எடத்துல கரி அப்பின மாதிரி இருக்குது ஸ்டெல்லா" என்றீர்கள். "காது ரெண்டும் தெரியுது. மூஞ்சி இல்ல."

அன்றைக்கும் விழுப்புரம் வேண்டாம் என்றீர்கள். ஒரே ஆளை மறுபடி கேட்டால் அதே பொய்யைத்தான் மறுபடி சொல்வார்கள் என்பது உங்கள் கணக்கு. புதுச்சேரிக்குப் போனோம். பழைய படங்கள் என் பையில் இருந்தன. "இத எடுத்து நீட்டாத. இவங்க சொந்தமா இன்னா சொல்றாங்க, பாப்போம்" என்று காதில் சொன்னீர்கள். அங்கே போட்டோ, ஸ்கேன் எல்லாம் முதலிலிருந்து எடுத்தார்கள். கையில் ஊசி வழியாக மஞ்சள் மருந்து ஏற்றி, ரத்தக்குழாய்களையும் படம் எடுத்தார்கள். சிறுநீர் மஞ்சளாகப் போகும் என்று அவர்கள் முன்கூட்டியே சொன்னதை நீங்கள் காதில் வாங்கவில்லை. பாத்ரூமிலிருந்து வெளுத்த முகத்தோடு வந்து, "என்னவோ ஏத்திட்டாங்கடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படங்கள் கையில் வந்ததும் என்னை ஜன்னலோரம் இழுத்துப் போனீர்கள். விழுப்புரத்துப் போட்டோவையும் புதுச்சேரிப் போட்டோவையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, இடது கண்ணால் பார்த்தீர்கள். விரல் ஒரு ரத்தக்குழாயின் மேலேயே நகர்ந்தது. ஆற்றின் கிளைகளை வரைபடத்தில் தேடுகிற மாதிரி.

"இது பிரியற எடம் அதே. இந்த மடக்கு அதே. இங்க ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் போவுது, அதுவும் அதே" என்றீர்கள். குரல் இறங்கிவிட்டது. "என் கண்ணுதான்."

ஸ்கேனில் மேடு முன்பைவிடப் பெரிசாகியிருந்தது. ரத்தமும் கசிந்திருந்தது. அங்கிருந்த டாக்டர், "முன்னாடியே யாரும் சொல்லலியாம்மா? ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார். நீங்கள் கைக்குட்டையை மடித்தீர்கள், பிரித்தீர்கள், மறுபடி மடித்தீர்கள். திரும்பும்போது பஸ் கிளியனூரில் நின்றது. ஏறுகிறவர்கள் ஏறி, பஸ் கிளம்பிய பிறகு சொன்னீர்கள்: "மெசின் பொய் சொல்லல ஸ்டெல்லா." அதைப் பற்றி அதற்குமேல் நீங்கள் பேசியதே இல்லை.

ஊசிக்கு விழுப்புரம்தான் வசதி என்று அங்கேயே திரும்பினோம். டாக்டரம்மா பழசைக் கிளறவில்லை. முதல் ஊசி போட்ட அன்று எல்லாம் முடிய சாயங்காலமாகிவிட்டது. ஒரு கண்ணில் கட்டு; இன்னொரு கண்ணும் சொட்டு மருந்தில் மங்கிக் கிடந்தது. சமண நெறிப்படி பொழுது சாய்ந்த பிறகு நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். காலையில் பயத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. உங்கள் டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தீர்கள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"வெயில் இருக்குதா?"

"இருக்குதுக்கா. எறங்கிக்கினு இருக்குது."

பெஞ்சில் இருந்த என் பையைத் தடவிப் பார்த்தீர்கள். "நீ இன்னா கொண்டாந்த?"

"தயிர் சோறு. நார்த்தங்காய்."

கையை நீட்டினீர்கள். நான் டப்பாவைத் திறந்து உங்கள் மடியில் வைத்தேன். கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டீர்கள். எத்தனையோ வருஷம் தொடாத டப்பா. பசியா, கண் தெரியாததால் வந்த துணிவா, இல்லை நான் இத்தனை காலம் நினைத்தது மொத்தமும் தப்பா? அன்றும் நான் கேட்கவில்லை. நீங்கள் காலி டப்பாவை மூடித் தந்து, "உப்பு கம்மி" என்றீர்கள்.

சில ஊசிகளுக்குப் பிறகு வலது கண்ணில் நீர்க்கசிவு நின்றது. ஆனால் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது. அந்த இடத்தில் பார்வை திரும்பவில்லை. இனி இடது கண்ணைத்தான் காக்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் தினமும் பார்க்கச் சொல்லி, கட்டம் போட்ட ஒரு தாள் தந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ மறைந்தாலோ உடனே வர வேண்டும். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தீர்கள். "இத அச்சடிச்சவனே ஒழுங்கா அடிக்கல" என்று தள்ளிவிட்டு, பழைய கறுப்பு மையையும் பேனாவையும் எடுத்து, இடது கண்ணால் நீங்களே ஒரு கட்டம் வரைந்தீர்கள். இரண்டு நாள் பிடித்தது. சமையலறைக் கதவில் ஒட்டினீர்கள். நான் பார்த்த படங்களிலேயே சுத்தமானது அதுதான்.

குணசேகரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று நான் நச்சரித்தேன். ஒரு நாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டீர்கள். "ஏங்க, சுவரு நேராத்தான் இருக்குதுங்க. என் கண்ணுதான் சரியில்ல." அவர் பதறிப்போய், "அதனால இன்னாங்கம்மா, உடம்ப பாத்துக்குங்க" என்றார். நீங்கள் உடனே, "ஆனா உங்க மேஸ்திரிய நான் இன்னும் நம்பல" என்றீர்கள்.

அப்புறம் அந்த மழைக்காலம். காலையில் போன். "கெளம்பு. இடது கண்ணுல ரெண்டு கோடு நெளியுது." மழையில் நனைந்துகொண்டு ரயிலேறினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். பதிவு மேசையில் புதிதாக வந்திருந்த ஒரு பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "போன மாசம்தான் ஸ்கேன் எடுத்திருக்கீங்க, நல்லா இருக்குன்னு போட்டிருக்கு. அடுத்த தேதிக்கு வாங்கம்மா" என்றான்.

"நல்லா இருந்தது போன மாசத்து கண்ணு" என்றீர்கள். "நான் கொண்டாந்திருக்கிறது இன்னிக்கு கண்ணு."

"வயசானா அப்பிடித்தாம்மா இருக்கும். கண்ணாடி மாத்தினா சரியாயிடும்."

"தம்பி, நான் ஒருதடவ எனக்குத் தெரிஞ்சத நம்பி ஒரு கண்ண விட்டுட்டேன். உனக்குத் தெரிஞ்சத நம்பி இன்னொண்ண விடணுமா?"

மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட நீங்கள் அசையவில்லை. உங்கள் பின்னால் வரிசை நின்றது. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. போகலாம் என்று முந்தானையைக்கூட இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டீர்கள். கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்து விசாரித்து, ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தில், அடுக்குகளுக்கு அடியில் கறுப்பாக ஒரு சின்ன இடைவெளி. போன மாசப் படத்தில் அது இல்லை. அன்றைக்கே ஊசி போட்டார்கள். "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க" என்றார் டாக்டர். நீங்கள் அவரையும் ஒரு பார்வை பார்த்து, "ஆரம்பம்தானா, இல்ல என் மனசுக்காக சொல்றீங்களா?" என்றீர்கள்.

ஆரம்பம்தான் அக்கா. அந்தக் கண் கடைசிவரை இருந்தது. ஸ்டேஷன் போர்டைப் படித்தீர்கள். அரிசியில் கல் பொறுக்கினீர்கள். என் முகத்தைப் பார்த்தே, "சர்ச்சுல யாரோ என்னவோ சொல்லிட்டாங்க, இல்ல?" என்று கேட்டீர்கள். போன ஐப்பசியில் ஒரு காலை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கண்ணையே காவல் காத்துக்கொண்டிருந்தோம். சாவு வேறு வழியாக வந்துவிட்டது. குணசேகரன்தான் எனக்குப் போன் செய்தார். பேச முடியாமல் அழுதார்.

இன்று எனக்கு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "நார்மல்தான் ஆன்ட்டி, கெளம்புங்க" என்றாள் அந்தப் பெண். நான் எழுந்திருக்கவில்லை. "போன வருஷத்து படத்தையும் பக்கத்துல வைம்மா" என்றேன். வைத்தாள். புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். கூடவில்லை. பிறகுதான் பையை எடுத்தேன்.

திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் பஞ்சராகி நின்றுவிட்டது. சொட்டு மருந்தால் வெயில் கண்ணைக் குத்தியது. நிழலில், வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்கிற ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தூரத்தில் ஒரு பஸ் வந்தது. "அது எந்த ஊரு பஸ்ஸு பாத்து சொல்லுங்க. கண்ணுல மருந்து ஊத்தியிருக்காங்க, எனக்குத் தெரியல" என்றேன்.

"எனக்கும் தெரியாதும்மா. இப்பல்லாம் போர்டு எழுதறவன் நடு எழுத்த உட்டுட்டு எழுதறான். மொதலு தெரியுது, கடசி தெரியுது, நடுவுல அழிஞ்சாப்புல கீது. எல்லா பஸ்லயும் அப்பிடித்தான்."

அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன். "ஒரு கண்ண மூடிக்கினு பாருங்க" என்றேன். சந்தேகமாக என்னைப் பார்த்தாள். மூடினாள். மாற்றி மூடினாள். கரண்டியை எடுத்துக் கடலையைக் கிளறினாள்.

"விழுப்புரத்துல படம் எடுத்துப் பாப்பாங்க. வலியே இருக்காது. வர்றீங்களா?"

"அய்ய, போம்மா. மெசின் வெச்சா இருக்கிற கண்ணும் பூடும். நீ அந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கிறியா?"

டாக்டரை நம்புங்கள் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"என்ன நம்ப வேணாம். டாக்டரையும் நம்ப வேணாம். ரெண்டு கண்ணு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டச் சொல்லுங்க. வித்தியாசம் இல்லன்னா எழுந்து வந்துடுங்க."

அவள் கடலைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "படத்த நம்ம கண்ணுலயே காட்டுவாங்களா?"

"காட்டுவாங்க. நான் கூட இருப்பேன்."

பஞ்சர் ஒட்டி முடிந்து, கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். நான் ஏறிய பிறகு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு என்னை ஓரமாகப் பார்த்தாள்.

"திங்கக்கெழம வர்றேன். ஆனா உன் கண்ணயும் எடுக்கச் சொல்வேன், ஆமா. ஒத்துப் பாக்கணுமில்ல" என்றாள்.

"எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

இப்படிக்கு,
ஸ்டெல்லா